சேராதம்மா வாயைத் திறக்காத விருந்து

ஒயின் கடையில் அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. 'சேராதம்மா' என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு. அவளுக்கு மூக்கு எவ்வளவு கூர்மையோ காதும் அவ்வளவு கூர்மை. கேட்டும் கேட்காததுபோல இருப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

காரணம் இதுதான். கடைக்கு வந்தவர் ஒரு பாட்டிலை ஆசை ஆசையாக எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஏதோ புரிந்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டுக் கல்லாப் பக்கம் வருவார். சேராதம்மா பாட்டிலைப் பார்க்கமாட்டாள். ஆளைப் பார்ப்பாள்.

"சாப்பாடு என்ன?"

"பொரிச்ச மீன்."

"சேராது."

ஏன் சேராது என்று கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். "காசு என்னுது, வாய் என்னுது, உங்களுக்கு என்னங்க?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "உங்க வாயைப் பத்தி எனக்குக் கவலையில்லைங்க. அந்த மீன் என்ன பாவம் செஞ்சிச்சு?" என்றாள். இன்னும் சமையல் முடிவாகவில்லை என்று சொல்கிறவர்களுக்குப் பாட்டிலே கிடையாது. முதலில் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வரச் சொல்வாள். வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளி ஆரம்பத்தில் பயந்தார். ஆனால் திட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் அடுத்த வாரமே நல்ல பிள்ளைகளாகத் திரும்பி வந்து, என்ன சமைக்கப்போகிறோம் என்று ஒப்பித்தார்கள். அதன்பிறகு முதலாளி வாயைத் திறப்பதில்லை.

அவள் ஒயினைப் பற்றிப் படித்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். பில் போடும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். முதலாளி உயர்வாக வைத்திருந்த ஒரு பாட்டிலைத் திறந்த அன்று, "நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வருதே" என்று போகிற போக்கில் சொன்னாள். தக்கை கெட்டு ஒயினும் கெட்டிருந்தது. அந்த மூக்கைக் கணிப்பொறி முன்னால் உட்கார வைப்பது வீண் என்று முதலாளி அவளை அலமாரிகள் பக்கம் மாற்றினார். லேபிளில் எழுதியிருக்கும் வர்ணனைகள் எல்லாம் அவளுக்குச் சிரிப்பு. பழைய தோல் வாசனை, புகையிலை வாசனை, மழையில் நனைந்த கல் என்று எழுதியிருப்பார்கள். "செருப்புக் கடையா நடத்துறோம்?" என்பாள்.

அவளுடைய கணக்கு எளிது. எண்ணெயைப் புளிப்பு வெட்டும். கொழுப்பைத் துவர்ப்பு துடைக்கும். காரத்தைக் கொஞ்சம் இனிப்பு சமாதானப்படுத்தும். இதை மாற்றிப்போட்டால் நல்ல சமையலும் கெடும், நல்ல ஒயினும் கெடும், இரண்டையும் வாங்கியவன் முகமும் கெடும். இதைச் சொல்லி அனுப்பினாலும் ஜனங்கள் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுகிறார்கள் என்று, பாட்டில் கழுத்தில் ரப்பர் பேண்டு போட ஆரம்பித்தாள். மஞ்சள் என்றால் மீனுக்கும் பொரித்ததற்கும். உள்ளே புளிப்பான வெள்ளை ஒயின். சிவப்பு என்றால் வாட்டிய இறைச்சிக்கு. உள்ளே துவர்ப்பான கனத்த சிவப்பு. நீலம் என்றால் காரத்துக்கு. உள்ளே லேசாக இனிக்கும் வெள்ளை. பழைய வாடிக்கைக்காரர்களுக்கு இது மனப்பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே ஒருமுறை சொல்லிவிடுவாள்.

வீட்டில் அவள் கணவர் சாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் கண்டுபிடித்த ஒரே தப்பிக்கும் வழி, கடையின் பின்னறையில் ஒரு பீரை ஒளித்து வைத்து, எதோடு தோன்றுகிறதோ அதோடு குடிப்பது. ஒருநாள் பிஸ்கட்டோடு குடித்தாராம். இது மட்டும் அவளுக்குத் தெரிந்தால் குடும்பம் இரண்டாகிவிடும் என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

மகளுக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. ஊரார் வாயை எல்லாம் திறக்கச் சொல்லும் வேலை. வீட்டில் ஒரே ஒரு வாயை மூடச் சொல்லத்தான் அவளால் முடியவில்லை.

அந்த வாய் செய்த காரியம் ஒன்றிரண்டல்ல. அதில் பெரியது, மகளுக்கு முன்பு ஒரு பையனைப் பிடித்திருந்தபோது நடந்தது. அவன் வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள். பையனின் அப்பா தானே பழம் பிழிந்து ஊறவைத்துத் தயாரித்த ஒயினை, பிள்ளை பெற்றவர் முகத்தோடு ஊற்றிக் கொடுத்தார். சேராதம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதை சைக்கிள் செயினுக்கு ஊத்தினா துரு நல்லா விட்டுடும்" என்றாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பையன் முதலில் போன் எடுப்பதைக் குறைத்தான், பிறகு எடுப்பதையே நிறுத்தினான்.

மகள் சத்தம் போட்டிருந்தால் சேராதம்மா தாங்கியிருப்பாள். மகள் பேச்சையே நிறுத்தினாள். மாதக்கணக்கில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, அந்த உப்பை நகர்த்தச் சொல்லுங்க" என்பாள். உப்பு அம்மாவின் கைக்குப் பக்கத்தில் இருக்கும். சேராதம்மா அதை நகர்த்துவாள். ஊரையே வாயால் ஆட்டிவைத்தவள், மகளிடம் மட்டும் என்ன பேசுவது என்று தெரியாமல் ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அது கணவருக்குத் தெரியும். அவர்தான் மெதுவாக இருவரையும் மறுபடி பேச வைத்தார்.

இப்போது மகளுக்கு இன்னொருவனைப் பிடித்திருந்தது. அவன் அப்பா லிஃப்ட் மெக்கானிக், மனைவியை இழந்தவர், சமையலும் அவரே. விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். மகள் சமையலறை வாசலில் நின்று நிபந்தனை போட்டாள்.

"அங்க என்ன ஊத்துறாங்களோ அதைக் குடிக்கிற. நல்லா இருக்குன்னு சொல்ற. அவ்வளவுதான்."

"நல்லா இல்லன்னா?"

"நல்லா இல்லன்னாலும்தான்மா. இந்தத் தடவையும் வாயைத் திறந்தா, கல்யாணம் எங்க எப்பன்னுகூட உனக்குத் தெரியாது. நான் விளையாட்டுக்குச் சொல்லல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது சேராதம்மாவுக்குத் தெரிந்தது. பிடிவாதத்தில் அவள் யாரைக் கொண்டு பிறந்தாள் என்பதும் தெரிந்தது. தலையை ஆட்டினாள்.

அம்மா எந்தக் கடையில் வேலை பார்க்கிறாள் என்பதை மகள் அந்த வீட்டில் சொல்லவே இல்லை. வருங்கால மாமனார் பாட்டில் வாங்கப்போய் அம்மாவிடமே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். ஒயின் தொழிலில் இருக்கிறார்கள், கொஞ்சம் கறார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த வாரத்தில் கடைக்கு ஒரு போன் வந்தது. சேராதம்மாதான் எடுத்தாள். ஒரு தயங்கிய ஆண்குரல்.

"வணக்கம் மேடம். வீட்டுல விருந்து. மொதல்ல பொரிச்ச மீன், அடுத்தது மிளகாய் போட்ட கோழி, கடைசியா ஓவன்ல வாட்டின ஆட்டுத்தொடை. ஒயின் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

"தெரியாதுன்னு ஒத்துக்கிட்டீங்களே, அதுவே பெரிசு. மூணு பாட்டில் அனுப்புறேன்."

"நல்லதா பாத்து அனுப்புங்க மேடம். வர்ற அம்மா கொஞ்சம் கறாருன்னு கேள்வி. எல்லாத்துலயும் குறை சொல்லுவாங்க போல. எனக்கு இப்பவே பயமா இருக்கு."

சேராதம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்தவரின் விருந்தாளியைப் பற்றிப் பேசுவதைவிடச் சுகம் உண்டா?

"அந்த மாதிரி ஆளுங்களுக்கு அமிர்தத்தைக் குடுத்தாலும் உப்பு கம்மின்னுதான் சொல்லுவாங்க. நீங்க பயப்படாதீங்க. ரொம்பப் பேசினா ஒரு கோழித்தொடையை எடுத்து வாயை அடைச்சிடுங்க."

அந்தப் பக்கம் அவர் சிரிக்க, இந்தப் பக்கம் அவள் சிரிக்க, தன் பேச்சைத் தானே மெச்சிக்கொண்டு போனை வைத்தாள். மூன்று பாட்டில் தேர்ந்தெடுத்து, மூன்று ரப்பர் பேண்டு மாட்டி, பெட்டியில் போட்டு அனுப்பினாள். எந்த நிறம் எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதே அவளுக்கு உறைக்கவில்லை.

விருந்துநாள் மாலை மூவரும் கிளம்பிப் போனார்கள். மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. கணவர் அட்டையைப் பார்த்தார், மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சிரிப்பைக் கைக்குட்டைக்குள் விட்டுத் துடைத்துக்கொண்டார். வாசலில் லிஃப்ட்காரர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் நின்றார்.

"ஊரு லிஃப்ட்டெல்லாம் ஓடுது, என் லிஃப்ட்டுக்குத்தான் பார்ட்ஸ் வரல. மன்னிச்சுக்கங்க சம்பந்தியம்மா, மூச்சு வாங்க வச்சிட்டேன்."

அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. மூச்சு வாங்கியதில் மேற்கொண்டு யோசிக்க முடியவில்லை.

உயரம் சரியில்லாத இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, குட்டை மேசையின் காலுக்கடியில் மடித்த அட்டை வைத்து, மேலே ஒரே விரிப்பை விரித்திருந்தார். கண்ணாடிக் கோப்பைகள் போதாமல் தனக்கும் மகனுக்கும் தண்ணீர் டம்ளர் வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விட்ட சேராதம்மாவின் கண், ஜன்னலோரப் பலகையில் போய் நின்றது. அங்கே மூன்று பாட்டில்கள். கழுத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம்.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. மூன்றும் அவள் கையால் எடுத்தவை. இதில் குறை சொல்ல அவளுக்கே ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது இவ்வளவு சுலபமா என்று உட்கார்ந்தாள். அந்தக் குறை சொல்லும் அம்மா யார் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கோழித்தொடையும் ஞாபகம் வந்தது. காது மடல் சூடாகிவிட்டது.

மீன் வந்தது. நல்ல மொறுமொறுப்பு, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. லிஃப்ட்காரர் பலகைப் பக்கம் திரும்பினார். மஞ்சள், மஞ்சள் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்க, அவர் கை கொஞ்சமும் தயங்காமல் சிவப்பை எடுத்தது.

அவள் வாய் தானாகத் திறந்தது. மேசைக்கடியில் கணவரின் கால் அவள் காலை மிதித்தது. சாதுவின் மிதி என்றாலும் பலமாகத்தான் இருந்தது. எதிரே மகள், தட்டைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்தாள். சேராதம்மா திறந்த வாய்க்குள் மீனைப் போட்டு மூடினாள்.

பிறகு அந்தக் கனத்த சிவப்பைக் குடித்தாள். வேறு வழி? பழைய சாவிக்கொத்தை நாக்கில் வைத்ததுபோல இருந்தது. அந்தப் பாவப்பட்ட மீன் வாய்க்குள்ளேயே இன்னொரு தடவை செத்தது. கணவர் மட்டும் ரசித்துக் குடித்தார். அவருக்குப் பிஸ்கட்டும் பீரும் சேரும்.

அடுத்தது கோழி. அதற்கு மஞ்சள் பாட்டில் வந்தது. மிளகாயின் மேல் புளிப்பு ஏறினால் என்ன ஆகும்? எரிகிற வாய் இன்னும் எரிந்தது. மகன் தண்ணீர்க் குடத்தையே காலி செய்துவிடுவான்போல இருந்தான். கணவரின் கண்ணாடி வேர்வையில் சறுக்கியது. லிஃப்ட்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மிளகாய் தூக்கிப்போச்சு போல. என் கை அவ்வளவுதாங்க. பையன்தான் பாவம், இத்தனை வருஷமா இதைத் தின்னுக்கிட்டிருக்கான்."

இதுதான் சேராதம்மாவைச் சுட்டது. கோழியில் ஒரு குறையும் இல்லை. இந்த மனுஷன் சரியாகச் சமைத்துவிட்டுத் தன் கையைத் திட்டிக்கொள்கிறார். திட்டவேண்டியது போனில் சிரித்துவிட்டு நிறத்தைச் சொல்லாமல் வைத்த ஒரு வாயாடியை. சொன்னால் அவர் மனசு ஆறும், மகள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் மகள் இருப்பாள், இவர் நாளை முதல் மிளகாயையே தொடமாட்டார். அவள் ரொட்டியை எடுத்துக் கடித்தாள். அதைத் தவிர வாயைக் கட்டிப்போட வேறு கயிறு கிடைக்கவில்லை.

கடைசியில் ஆட்டுத்தொடை. அவர் அதைத் தட்டில் தூக்கிக்கொண்டு வந்த விதத்திலேயே, காலையிலிருந்து அதற்குக் காவல் இருந்திருக்கிறார் என்று தெரிந்தது. கொழுப்பு மினுமினுத்தது. வாசனை அந்த அறையையே நிமிர்ந்து உட்கார வைத்தது. அதற்கு அவர் ஊற்றியது நீலம். இனிப்பு.

எல்லோரும் ஒரு வாய் தின்று ஒரு வாய் குடித்தார்கள். லிஃப்ட்காரர் இன்னொரு துண்டு எடுத்து மென்று, இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"நேத்து சும்மா ஒரு துண்டு வாட்டிப் பாத்தேன், பிரமாதமா இருந்துச்சு. இன்னிக்கு என்னமோ வழவழன்னு, ஒண்ணும் பிடிபடல." பிறகு நேராக அவளைப் பார்த்தார். "சம்பந்தியம்மா, நீங்க தெரிஞ்சவங்க. மறைக்காம சொல்லுங்க. எப்படி இருக்கு?"

சேராதம்மா மகளைப் பார்த்தாள். உப்பு டப்பா ஞாபகம் வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு அப்பாவைக் கூப்பிட்ட அந்தக் குரல் ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை அதைத் தாங்க அவளால் முடியாது.

"நல்லா இருக்கு" என்றாள்.

ஒயின் விஷயத்தில் அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது. பழக்கமில்லாததால் சரியாகவும் வரவில்லை. குரல் கம்மி, பல் வலிக்காரியின் முனகல்போல வந்தது. கணவர் பயந்துபோய் அவள் காலிலிருந்து தன் காலை எடுத்துவிட்டார்.

லிஃப்ட்காரர் தலையை ஆட்டினார். மரியாதைக்குச் சொல்கிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. தட்டைத் தன் பக்கம் இழுத்து மூடப்போனார்.

"மாமா, அதை மூடாதீங்க."

சொன்னது மகள். முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மீன் வந்ததிலிருந்து அவளும் அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது சேராதம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க சமையல்ல ஒண்ணுமில்ல. ஒயின்தான் சேரல. இதுக்கு சிவப்பு பேண்டு போட்டதை ஊத்தணும். இது கோழிக்கு. மஞ்சள் மீனுக்கு. மூணுமே மாறிப்போச்சு. அந்த மீனுக்குப் போய் அந்தச் சிவப்பை ஊத்தினீங்களே மாமா, எனக்கு அழுகையே வந்துடுச்சு."

சேராதம்மா மேசைக்கடியில் மகளின் காலைத் தேடி மிதித்தாள். அது மாப்பிள்ளைப் பையனின் கால். அவன் பொறுத்துக்கொண்டான். நல்ல பிள்ளை.

லிஃப்ட்காரர் பாட்டில்களையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரப்பர் பேண்டு வரிசை இல்லையா? நான் சரியாத்தானே எடுத்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம். லிஃப்ட் மோட்டாருக்குக் கரண்டு போற மூணு பேஸ் வயரும் அந்த வரிசைதானே. ரெண்டு வயரை மாத்திக் குடுத்தா மேல போகவேண்டிய லிஃப்ட் கீழ போகும். எத்தனை வருஷமா அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்? கடைக்காரம்மாவும் நம்ம மாதிரி யோசிக்கிறவங்க போலன்னு சந்தோஷப்பட்டேன்." அவருக்கு மெல்லக் கோபம் வந்தது. "அந்தம்மா போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னதெல்லாம் என்ன தெரியுமா? வர்றவங்களுக்கு அமிர்தத்தைக் குடுத்தாலும் குறைதான் சொல்லுவாங்களாம். நான் நம்பிட்டேன் சம்பந்தியம்மா. உங்களைப் பாத்தா அப்படித் தெரியவே இல்லியே. இவ்வளவு கெட்டதையும் நல்லா இருக்குன்னு சொல்றீங்க."

மகள் மெதுவாக அம்மா பக்கம் திரும்பினாள். அந்த ரப்பர் பேண்டுகளை அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவள் பின்னல் நுனியில் போட்டதெல்லாம் கடையில் மிச்சமான மஞ்சளும் நீலமும்தான்.

தப்பிக்க வழியிருந்தது. வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம். அன்றைக்கு முழுக்க அதைத்தான் செய்தாள். இன்னும் கொஞ்ச நேரம் செய்வதில் கஷ்டமில்லை.

"அந்தக் கடைக்காரி நான்தான்" என்றாள் சேராதம்மா. "நிறத்தைச் சொல்லாம போனை வச்சது என் தப்பு. உங்க மீனும் நல்ல மீன், கோழியும் நல்ல கோழி. கோழித்தொடையை வச்சி என் வாயை அடைக்கச் சொன்னேன் பாருங்க, அதை மட்டும் நீங்க செஞ்சிருக்கலாம்."

கணவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், பாதி மூக்கு வழியாக வந்தது. லிஃப்ட்காரர் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. சுற்றி வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான் சொன்னதுக்காகவா பொய் சொன்ன?"

"நீதானே சொல்லச் சொன்ன."

"சொன்னேன்தான்." மகளின் குரல் உடைந்தது. "ஆனா நீ 'நல்லா இருக்கு'ன்னு சொன்னதும் எனக்கு பயமாயிடுச்சும்மா. உனக்கு என்னமோ ஆயிட்ட மாதிரி இருந்துச்சு. இனிமே அப்படிச் சொல்லாத."

சேராதம்மாவுக்குக் கண் நிறைந்தது. பதில் சொன்னால் அழுதுவிடுவாள் என்று தெரிந்ததால், மறுபடியும் அந்த ரொட்டியையே எடுத்துக் கடித்தாள்.

லிஃப்ட்காரர் அதற்குள் உள்ளே போய் மிச்ச மீனையும் கோழியையும் எடுத்து வந்து ஆட்டுத்தொடைக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று பாட்டிலையும் அவள் முன்னால் நகர்த்தினார்.

"முதல்லேருந்து ஆரம்பிங்க சம்பந்தியம்மா. குறை ஒண்ணு விடாம சொல்லணும்."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, தன் கோப்பையை நீட்டினாள். சேராதம்மா மஞ்சள் பேண்டு போட்ட பாட்டிலை எடுத்தாள்.

"அந்த எலுமிச்சையை இவ்வளவு மெலிசா நறுக்கினது யாரு?"